டப்ளினில் பிறந்த குழந்தைகளும் பெற்றோருக்கு வந்த கடிதமும்

2003-ஆம் ஆண்டின் நடுப்பகுதி முதல், அயர்லாந்தில் குடியேறியிருந்த பல குடும்பங்களுக்கு நீதி அமைச்சகத்திலிருந்து ஒரே மாதிரியான கடிதம் வரத் தொடங்கியது. உங்களை நாடு கடத்த அமைச்சர் உத்தேசித்திருக்கிறார். நீங்களாகவே வெளியேறலாம், நாடு கடத்தும் ஆணைக்குச் சம்மதிக்கலாம், அல்லது உங்களை ஏன் வெளியேற்றக் கூடாது என்பதற்கான காரணங்களைப் பதினைந்து வேலை நாட்களுக்குள் எழுதி அனுப்பலாம் என்பது அதன் சாரம். கடிதம் தாயின் பெயருக்கு வந்தது, தகப்பனின் பெயருக்கு வந்தது. அதே வீட்டில் தவழ்ந்துகொண்டிருந்த குழந்தைக்கு வரவில்லை, வரவும் முடியாது. அந்தக் குழந்தை அயர்லாந்தின் குடிமகள் அல்லது குடிமகன். தன் நாட்டுக் குடிமகளை எந்த அரசும் சட்டப்படி நாடு கடத்த முடியாது. ஆனால் பெற்றோரை அனுப்பிவிட்டால் இரண்டு வயதுக் குழந்தை எங்கே போகும் என்பதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நான் இந்த நாட்டுக்கு வேலைக்கு வருவதற்கு வெகு முன்பே நடந்து முடிந்த விவகாரம் இது. இருந்தாலும், குடியேறியவர்களின் உரிமைக்காக நடந்த போராட்டங்களில், வென்றதா தோற்றதா என்று ஒரு சொல்லில் சொல்லிவிட முடியாதபடி நான் திரும்பத் திரும்ப யோசிப்பது இதைப் பற்றித்தான். தமிழில் இதைப் பற்றி அதிகம் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அயர்லாந்து மண்ணில் பிறந்தவர் எவரும் ஐரிஷ் குடிமக்கள் என்பது அப்போது நெடுங்காலச் சட்டமாக இருந்தது. வடக்கு அயர்லாந்தில் சமாதானத்துக்காகச் செய்துகொள்ளப்பட்ட 1998-ஆம் ஆண்டு பெல்ஃபாஸ்ட் ஒப்பந்தத்தை ஒட்டி அரசியலமைப்பின் இரண்டாம் விதி திருத்தி எழுதப்பட்டபோது, அயர்லாந்துத் தீவில் பிறந்த ஒவ்வொருவருக்கும் ஐரிஷ் தேசத்தின் அங்கமாக இருப்பது பிறப்புரிமை என்ற வாசகம் அரசியலமைப்புக்குள்ளேயே இடம்பெற்றது. வடக்கு அயர்லாந்தில் வாழும் கத்தோலிக்கச் சமூகத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வாசகம் அது. நைஜீரியாவின் லாகோஸிலிருந்தும் ருமேனியாவின் புகாரெஸ்டிலிருந்தும் வந்தவர்களின் குழந்தைகளை அன்று யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தக் குழந்தைகளின் பெற்றோருக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பாக இருந்தது 1989 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஃபஜூஜோனு வழக்கில் அளித்த தீர்ப்பு. கணவர் நைஜீரியர், மனைவி மொராக்கோவைச் சேர்ந்தவர். அவர்களுடைய குழந்தைகள் அயர்லாந்தில் பிறந்தவர்கள். குடிமகளான குழந்தைக்குத் தன் பெற்றோரின் துணையோடும் பராமரிப்போடும் இந்நாட்டில் வளர்வதற்கு அரசியலமைப்பு உரிமை உண்டு. மிகக் கனமான காரணம் இருந்தால் மட்டுமே அரசு அதை மீறிப் பெற்றோரை வெளியேற்றலாம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது.

தொண்ணூறுகளின் இரண்டாம் பாதியில் அயர்லாந்தின் பொருளாதாரம் திடீரென்று எழுந்தது. தலைமுறை தலைமுறையாகத் தன் மக்களைக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்த நாட்டுக்கு முதன்முறையாக வெளியாட்கள் பெருமளவில் வரத் தொடங்கினார்கள். தஞ்சம் கோரி வந்தவர்களுக்கு இங்கே குழந்தை பிறந்தால், ஃபஜூஜோனு தீர்ப்பின் அடிப்படையில் பெற்றோருக்கு வதிவிட உரிமை கொடுப்பது வழக்கமாயிற்று. 1996 முதல் 2003 தொடக்கம் வரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு உரிமை பெற்றார்கள். வருடக்கணக்கில் இழுக்கும் தஞ்சக் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, குழந்தையின் பெற்றோர் என்ற முறையில் விண்ணப்பிப்பதுதான் அன்றைய நடைமுறை. நிறையப் பேர் அப்படித் திரும்பப் பெற்றார்கள். பின்னால் நேர்ந்ததைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2003 ஜனவரி 23 அன்று உச்ச நீதிமன்றம் எல் மற்றும் ஓ என்று சுருக்கமாக அழைக்கப்படும் வழக்கில் ஐந்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் வேறொரு தீர்ப்பை வழங்கியது. ஒரு குடும்பம் செக் நாட்டில் ரோமா எனப்படும் சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த குடும்பம்; மற்றவர் நைஜீரியர். குழந்தை குடிமகனாக இருப்பதாலேயே பெற்றோருக்கு இங்கே தங்கும் உரிமை தானாக வந்துவிடாது. அவர்கள் எத்தனை காலம் இங்கே இருந்திருக்கிறார்கள், தஞ்சச் சட்டங்களின் ஒழுங்கு குலையாமல் இருக்க வேண்டியது எவ்வளவு முக்கியம் என்பவற்றைக் கணக்கில் எடுத்து அமைச்சர் அவர்களை வெளியேற்றலாம் என்றது பெரும்பான்மை. நீதிபதிகள் கேத்தரின் மெக்கின்னஸ், நைல் ஃபெனலி இருவரும் மாறுபட்டார்கள். குடும்பமே சமூகத்தின் இயற்கையான, அடிப்படையான அலகு, அதன் உரிமைகள் எந்தச் சட்டத்துக்கும் முற்பட்டவை என்று 1937-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 41-ஆம் விதி முழங்குகிறது. விவாகரத்தை 1995 வரை தடுத்து வைத்திருந்த நாட்டில் குடும்பத்தின் புனிதம் என்பது சாதாரணப் பேச்சல்ல. அந்தப் புனிதம் ரோமா குடும்பத்துக்கும் பொருந்துமா என்ற கேள்விக்கு ஏழு நீதிபதிகளில் ஐவர் தந்த விடையை வாசிக்கும்போது எனக்கு இன்றும் கசப்பாகவே இருக்கிறது.

தீர்ப்பு வந்து நான்கு வாரங்களுக்குள், பிப்ரவரி 19 அன்று, குழந்தையின் பெயரில் பெற்றோர் வதிவிட உரிமை கோரும் நடைமுறையையே அரசு நிறுத்திவிட்டது. அன்று நிலுவையில் இருந்த விண்ணப்பங்கள் பத்தாயிரத்துக்கும் மேல். அவற்றில் பல, தஞ்சக் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டவர்களின் விண்ணப்பங்கள். பழைய வழியை அவர்களே கைவிட்டிருந்தார்கள். புதிய வழி அவர்கள் நடுவில் நிற்கும்போது அடைக்கப்பட்டது. ஜூலையில் அரசு, இவர்களுக்கென்று தனியான பரிசீலனை எதுவும் கிடையாது, நாடு கடத்தும் நடவடிக்கையின் பகுதியாகத்தான் குடும்பச் சூழல் பார்க்கப்படும் என்று அறிவித்தது. அதாவது, என்னை இங்கே இருக்க விடுங்கள் என்று கேட்பதற்கே முதலில் நாடு கடத்தும் உத்தேசக் கடிதம் கைக்கு வந்தாக வேண்டும்.

இந்த நிலையில்தான் ‘ஐரிஷ் குழந்தைகளை நாடு கடத்துவதற்கு எதிரான கூட்டமைப்பு’ உருவாயிற்று. குடிமைச் சுதந்திரங்களுக்கான அமைப்பு, அகதிகளுக்கான அமைப்பு, குடியேறியவர்களுக்கான மன்றம், குழந்தை உரிமை அமைப்புகள் எனப் பலவும் அதில் சேர்ந்தன. நாடு கடத்தும் ஆணை பெற்றோர் மீதுதான் பிறப்பிக்கப்பட்டது. ஆனால் கூட்டமைப்பு தன் பெயரிலேயே குழந்தையை முன்னிறுத்தியது. ஒரு நைஜீரியத் தாயை அனுப்புவதா வேண்டாமா என்று கேட்டால் வாக்காளர்களில் பலர் தோளைக் குலுக்கிவிட்டுப் போவார்கள். ஐரிஷ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் மூன்று வயதுச் சிறுமியை அவள் கண்டிராத ஊருக்கு விமானம் ஏற்றலாமா என்று கேட்டால் அதே வாக்காளர் நின்று பதில் சொல்லியாக வேண்டும். பெரிய ஆர்ப்பாட்டங்களைவிட அலுப்பூட்டும் அன்றாட வேலைதான் அந்த இயக்கத்தின் பெரும்பகுதி என்பது என் புரிதல்: கடிதம் வந்தவர்களுக்கு அதன் பொருளை விளக்குவது, பதினைந்து நாள் கெடுவுக்குள் ஒவ்வொரு குழந்தையின் நிலைமையையும் தனித்தனியாக எழுதிக் கொடுக்க வழக்கறிஞர்களைப் பிடிப்பது, தொகுதி உறுப்பினர்களைச் சந்திப்பது, குழந்தைகள் செல்லும் பள்ளிகளையும் தேவாலயப் பங்குகளையும் பேச வைப்பது.

பள்ளிகள் பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு 2005 மார்ச் மாதம் நல்ல சாட்சி. இது சற்று வேறான வழக்கு; நாடு கடத்தப்பட்டவர் பெற்றோர் அல்லர், டப்ளினின் பாமர்ஸ்டவுன் பகுதியில் பள்ளி இறுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நைஜீரிய இளைஞர். பள்ளிச் சீருடையோடு லாகோஸ் விமானத்தில் ஏற்றி அனுப்பப்பட்ட அவருக்காக வகுப்புத் தோழர்கள் தெருவில் இறங்கினார்கள். சில நாட்களிலேயே நீதியமைச்சர் மைக்கேல் மெக்டொவல் தன் முடிவை மாற்றிக்கொண்டு, அவர் திரும்பி வந்து தேர்வெழுத அனுமதித்தார். கடுமைக்குப் பெயர் பெற்ற அந்த அமைச்சர் இறங்கி வந்ததற்குக் காரணம் சட்ட வாதம் அல்ல. கூடப் படித்த பிள்ளைகள்.

ஆனால் இதற்குள் களம் மாறிவிட்டிருந்தது. குழந்தையின் குடியுரிமையை வைத்துப் போராடுகிறார்கள் என்றால் அந்தக் குடியுரிமையிலேயே கை வைத்துவிடலாம் என்று அரசு முடிவு செய்தது. 2004 ஜூன் 11 அன்று, ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலோடும் உள்ளாட்சித் தேர்தலோடும் சேர்த்து, அரசியலமைப்பின் இருபத்தேழாம் திருத்தம் பொது வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. பிறக்கும்போது தாய் தந்தையரில் ஒருவராவது ஐரிஷ் குடிமகனாகவோ குடிமகனாகும் உரிமை உடையவராகவோ இல்லையென்றால், மண்ணில் பிறந்ததால் மட்டும் குடியுரிமை இல்லை என்பது திருத்தத்தின் பொருள். பிரசவத்துக்காகவே வெளிநாட்டுப் பெண்கள் கடைசி மாதத்தில் வந்து இறங்குகிறார்கள் என்ற பேச்சு அன்று எங்கும் இருந்தது. டப்ளின் மகப்பேறு மருத்துவமனைகளின் தலைமை மருத்துவர்களே தன்னிடம் முறையிட்டதாக அமைச்சர் சொல்ல, அரசியலமைப்பை மாற்றச் சொல்லி நாங்கள் கேட்கவே இல்லை என்று அவர்கள் மறுத்தார்கள். மறுப்பால் ஒன்றும் ஆகவில்லை. 79 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் திருத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். அதையொட்டி வந்த சட்டம் 2005 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் ஏறத்தாழ இதே வாரங்களில், 2004 டிசம்பர் 3 முதல், பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருந்தால் அங்கே பிறந்த குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்று தன் சட்டத்தை இறுக்கிக்கொண்டது. அயர்லாந்தைக் குறை சொல்லும்போது எனக்கு அது உறுத்தும்.

இனிமேல் பிறப்பவர்களுக்குக் கதவை அடைத்தாகிவிட்டது; ஏற்கெனவே பிறந்தவர்களின் பெற்றோரை என்ன செய்வது? 2004 டிசம்பரில் அரசு இறங்கி வந்தது. 2005 ஜனவரி 15 முதல் மார்ச் 31 வரை, அந்த ஆண்டு பிறப்பதற்கு முன் பிறந்த ஐரிஷ் குழந்தைகளின் பெற்றோர் விண்ணப்பிக்கலாம் என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 18,000 பேர் விண்ணப்பித்தார்கள். 16,000-க்கும் மேற்பட்டோருக்கு இரண்டாண்டு வதிவிட உரிமை கிடைத்தது. 2007-இல் அதைப் புதுப்பித்துக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது. எண்ணிக்கையைப் பார்த்தால் இது மகத்தான வெற்றி. நாடு கடத்தும் உத்தேசக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாண்டுகள் தூக்கமின்றிக் கழித்த குடும்பங்கள் வேலைக்குப் போக முடிந்தது, வாடகை ஒப்பந்தம் போட முடிந்தது, தஞ்சம் கோருவோருக்கான விடுதிகளில் பெரியவர்களுக்கு வாரம் 19 யூரோ சொச்சமும் குழந்தைகளுக்கு அதில் பாதியும் வாங்கிக்கொண்டு காத்திருந்த வாழ்க்கையிலிருந்து வெளியேற முடிந்தது.

கூட்டமைப்பின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடாமலேயே ஒன்றைச் சொல்ல வேண்டும். பொது வாக்கெடுப்பு அந்தப் பக்கம் முடிந்திருக்காவிட்டால் இந்தத் திட்டம் வந்திருக்காது என்றே நான் நினைக்கிறேன். உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை இனி கூடாது என்று உறுதியான பிறகுதான் உள்ளே இருப்பவர்களிடம் தாராளம் காட்ட முடிந்தது. அந்தத் தாராளத்திலும் ஒரு கொக்கி இருந்தது. விண்ணப்பிப்பவர், இந்த உரிமை கிடைத்தாலும் சொந்த நாட்டில் விட்டு வந்த கணவனையோ மனைவியையோ மற்றப் பிள்ளைகளையோ இங்கே அழைத்துக்கொள்ளும் உரிமை தனக்கு உண்டாகாது என்று சத்தியப் பிரமாணம் செய்து கையெழுத்திட வேண்டும். குடும்பம் பிரியக் கூடாது என்ற கோஷத்தோடு தொடங்கிய இயக்கத்தின் வெற்றி, குடும்பப் பிரிவுக்குச் சம்மதம் தெரிவிக்கும் ஒரு தாளோடு வந்து சேர்ந்தது. மூத்த மகனை லாகோஸில் பாட்டியிடம் விட்டுவிட்டு, இளைய மகளின் பெயரால் டப்ளினில் தங்கும் உரிமை பெற்ற ஒரு தாய் அந்தத் தாளில் எப்படிக் கையெழுத்திட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

மறுக்கப்பட்டவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். குழந்தை பிறந்ததிலிருந்து தொடர்ச்சியாக இங்கேயே இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்பது பலரின் விஷயத்தில் காரணம். இடையில் சில மாதங்கள் குழந்தையை ஊருக்கு அனுப்பி வைத்த பெற்றோரை நினைத்துக்கொள்ளலாம். அது எவ்வளவு இயல்பான காரியம் என்பது பிரசவத்துக்குப் பின் அம்மாவை வரவழைத்துக்கொள்ள முடியாத எந்த வெளிநாட்டு வேலைக்காரருக்கும் தெரியும். அவர்களில் சிலர் நீதிமன்றம் போனார்கள். 2006-இல் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைக் கவிழ்த்து, இத்திட்டம் அரசு தன் விருப்பத்தால் அளித்த சலுகை, அதன் நிபந்தனைகளை அரசே வகுக்கலாம் என்றது. ஆனால் 2008 மே மாதம் ஒகுவெக்வே வழக்கில் அதே நீதிமன்றம் ஒரு முக்கியமான வரம்பைப் போட்டது. ஐரிஷ் குழந்தையின் பெற்றோரை நாடு கடத்தும் முன், அந்தக் குழந்தையின் வயது, கல்வி, உடல்நலம், சமூகத்தோடு கொண்ட பிணைப்பு ஆகியவற்றை அமைச்சர் தனியாக ஆராய வேண்டும். கனமான காரணம் இருந்தால் மட்டுமே ஆணையிடலாம். நீதிபதி சூசன் டென்ஹம் எழுதிய அந்தத் தீர்ப்பில், 2003-இல் மறுக்கப்பட்டதில் ஒரு பங்காவது திரும்பக் கிடைத்தது.

மிச்சப் பங்கு பிரஸ்ஸல்ஸிலிருந்து லக்ஸம்பர்க் வழியாக வந்தது. ருயிஸ் சம்ப்ரானோ என்பவர் கொலம்பியர். பெல்ஜியத்தில் தஞ்சம் மறுக்கப்பட்டு, வேலை அனுமதியும் இன்றி ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவருடைய இரண்டு பிள்ளைகள் பெல்ஜியக் குடிமக்கள். வேலை போனபின் வேலையிழப்பு உதவித்தொகை கேட்டதில் தொடங்கிய வழக்கு, 2011 மார்ச் 8 அன்று லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் தீர்ப்போடு முடிந்தது: தன்னைச் சார்ந்திருக்கும் குழந்தைகள் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களாக இருக்கையில், ஒன்றியத்தையே விட்டு வெளியேறும்படி அவர்களை நிர்ப்பந்திக்கும் விதத்தில் பெற்றோருக்கு வதிவிடத்தையும் வேலை அனுமதியையும் மறுக்கக் கூடாது. இரண்டே வாரங்களில், அப்போதைய அயர்லாந்து நீதியமைச்சர் ஆலன் ஷாட்டர், நிலுவையில் உள்ள வழக்குகளை மட்டுமின்றி, பெற்றோர் ஏற்கெனவே நாடு கடத்தப்பட்டுக் குழந்தையும் கூடவே போக நேர்ந்த வழக்குகளையும் இத்தீர்ப்பின்படி மறுபரிசீலனை செய்யச் சொன்னார். எட்டாண்டுகள் டப்ளினில் முட்டி மோதியும் பெற முடியாத ஒன்றை, வேலையிழப்புத் தொகை கேட்ட ஒரு கொலம்பியத் தொழிலாளி பெற்றுத் தந்தார்.

இவை எல்லாமே குடிமக்களான குழந்தைகளுக்கு. 2005 முதல் பிறந்தவர்களின் நிலை வேறு. என் மகள் டப்ளினில் பிறந்தபோது, அவளுக்கு ஐரிஷ் பாஸ்போர்ட் எடுக்க, அவள் பிறப்பதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் எங்களில் ஒருவர் மூன்று ஆண்டுகளாவது சட்டப்படி இங்கே வசித்திருக்கிறோம் என்று பழைய முத்திரைகளையும் பதிவு அட்டைகளையும் வைத்துக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. எங்களுக்குக் கணக்குத் தேறியது. மாணவராக வந்து, படிப்பு முடித்து, பின்னர் வேலைக்குச் சேர்ந்த நண்பர் ஒருவருக்குத் தேறவில்லை. மாணவர் விசாவில் கழித்த காலமும், தஞ்சக் கோரிக்கை நிலுவையில் இருக்கும் காலமும் அந்தக் கணக்கில் சேராது. ஒரே மருத்துவமனையில் பிறந்து ஒரே பள்ளியில் படிக்கும் அந்தப் பிள்ளைகளில் ஒன்று ஐரிஷ், மற்றது இந்தியர். நண்பருக்கு நல்ல வேலை இருப்பதால் அது இப்போதைக்கு விமான நிலைய வரிசையில் மட்டும் தெரியும் வேறுபாடு. ஆவணங்கள் இல்லாத பெற்றோருக்குப் பிறந்த குழந்தைக்கு அது கடிதமாக வீட்டுக்கு வரும் வேறுபாடு. இந்த முறை கடிதத்தில் குழந்தையின் பெயரும் இருக்கலாம்.

ஆகவேதான் அந்தக் கூட்டமைப்பின் உத்தியைப் பற்றி எனக்கு இரண்டு மனம். ‘இவர்கள் ஐரிஷ் குழந்தைகள்’ என்ற வாதம் 16,000 பேரைக் காப்பாற்றியது. அன்று வேறு எந்த வாதமும் அதைச் செய்திருக்காது. ஆனால் குடியுரிமைதான் காரணம் என்று ஒப்புக்கொண்டதும், குடியுரிமையை நிறுத்திவிட்டால் காரணமும் நின்றுவிடும் என்ற இடத்துக்கு வந்து சேர்கிறோம். 2018-இல் விக்லோ மாவட்டத்தில் இங்கேயே பிறந்த ஒரு சிறுவனுக்கும் அவன் தாய்க்கும் நாடு கடத்தும் அச்சுறுத்தல் வந்தபோது, அவன் பள்ளி திரண்டது, நாடே திரண்டது. ஆனால் யாரும் அவனை நம் குடிமகன் என்று சொல்லிப் போராட முடியவில்லை. எங்கள் வகுப்பில் படிக்கிறவன், எங்கள் ஊர்ப் பையன் என்றுதான் சொன்னார்கள். அது போதுமானதாக இருந்தது. எனக்கு அந்த வாதமே உறுதியானதாகப் படுகிறது.

அதன் பிறகு சில வாசல்கள் திறந்தன. 2022-இல் ஆவணமற்றோருக்கான ஆறு மாதத் திட்டத்தில், நான்கு ஆண்டுகளும் சிறு பிள்ளைகள் இருந்தால் மூன்று ஆண்டுகளும் இங்கே வாழ்ந்தவர்கள் விண்ணப்பிக்க முடிந்தது. 2023-இல் இங்கே பிறந்த பிள்ளைகள் குடியுரிமை கோரத் தேவைப்படும் வசிப்புக் காலம் ஐந்தாண்டிலிருந்து மூன்றாண்டாகக் குறைக்கப்பட்டது. இரண்டுமே நல்லவை. ஆனால் முன்னது ஒரு முறை திறந்து மூடிய வாசல். பின்னதில் இறுதி முடிவு அமைச்சரின் விருப்புரிமை.

நாடு கடத்தும் ஆணையிடும் முன் அமைச்சர் எவற்றையெல்லாம் பார்க்க வேண்டும் என்று 1999-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் ஒரு பட்டியல் உண்டு: ஆளின் வயது, இங்கே வசித்த காலம், குடும்பச் சூழல், வேலை வரலாறு, நடத்தை, மனிதாபிமானக் காரணங்கள், பொதுநலன், நாட்டின் பாதுகாப்பு என்று அது நீள்கிறது. குழந்தை அதில் தனியாக இல்லை. ‘குடும்பச் சூழல்’ என்பதற்குள் அடங்கிவிடுகிறது. டென்ஹம் தீர்ப்பு குடிமக்களான குழந்தைகளுக்காக அமைச்சர் மீது சுமத்திய கடமையை, எந்தப் பாஸ்போர்ட்டும் கேட்காமல், இந்த நாட்டில் வளரும் எல்லாக் குழந்தைகளுக்குமாக அந்தப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லிக் கேட்கும் இயக்கம் ஒன்று எழுந்தால் நான் அதில் கையெழுத்துப் போடுவேன். என் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கு இதைக் கேட்டு ஏற்கெனவே கடிதம் எழுதியிருக்கிறேன்.